திருட்டே நடக்க முடியாத தெரு

டெய்லரக்காவின் கடை ஒன்பதடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஒரு தையல் மெஷின், ஒரு வெட்டும் மேசை, ஒரு இஸ்திரிப் பெட்டி, இடது பக்க மூலையில் ஒரு திரை. தைத்ததை வாங்க வரும் பெண்கள் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்ப்பார்கள். இடுப்பில் இறுக்கினால் பிரித்துக் கொடுப்பாள், தோளில் தொங்கினால் பிடித்துக் கொடுப்பாள். போன வருஷ அளவையே இந்த வருஷமும் வைக்கச் சொல்லிவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே சில பேர், பதினேழு வருஷமாக அந்த மூலையில் நடந்த ஒரே அக்கிரமம் அதுதான்.

அந்த மூலையைத்தான் வாரியம் குற்றவாளி என்று கண்டுபிடித்தது.

வாரியத்தின் முழுப் பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். குற்றத்தடுப்பு இடவடிவமைப்பு மற்றும் நடத்தைச் சீரமைப்பு வாரியம். திருடனைப் பிடிப்பதெல்லாம் பழைய காலத்து வேலையாம். அதற்கு ஓட வேண்டும், மூச்சு வாங்கும், சில சமயம் அவன் திருப்பி அடிப்பான். ஆனால் திருட்டு எந்த இடத்தில் நடக்கிறதோ அந்த இடம் ஓடாது, திருப்பி அடிக்காது. ஆகவே இடத்தைப் பிடித்துத் திருத்திவிட்டால் போதும் என்று படித்தவர்கள் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டார்கள். பன்னிரண்டு பேரில் ஒருத்தருக்கும் பர்ஸ் தொலைந்த அனுபவம்கூடக் கிடையாது.

முதலில் வந்தவர் ஓர் அளவெடுக்கும் ஆபீசர். தெருவில் அவருக்கு மூலை ஆபீசர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எந்தக் கடைக்குள் போனாலும் ஆளைப் பார்க்க மாட்டார், மூலையைத்தான் பார்ப்பார். டெய்லரக்காவின் திரையைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார்.

"இங்க என்ன நடக்குது?"

"பொம்பளைங்க துணி போட்டுப் பார்ப்பாங்க சார்."

"யார் கண்ணுலயும் படாமலா?"

"யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னுதான் சார் திரையே போட்டிருக்கு."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். யார் கண்ணுலயும் படாத இடம்னா அது குற்றத்துக்குக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிற இடம்."

அவள் கெஞ்சிப் பார்த்தாள். ஆபீசர் கல்நெஞ்சர் இல்லை. வாரியத்தின் கையேட்டை மூன்று இடத்தில் புரட்டி, ஒரு சலுகை கண்டுபிடித்துக் கொடுத்தார். வணிக இடங்களில் அனுமதிக்கப்பட்ட மறைவு இரண்டரை அடி. உடம்பில் எந்த இரண்டரை அடி என்பதைப் பயனாளரே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து முன்பக்கச் சுவரை இடித்துக் கண்ணாடி போட்டார்கள். வாசலில் இருந்த மூன்று படிகளையும் எடுத்துவிட்டு வழவழவென்று ஒரு சரிவு போட்டார்கள். படியில் ஒருத்தர் தடுக்குவார், இன்னொருத்தர் சிரிப்பார், அங்கேதான் தகராறு பிறக்கிறதாம். தெருமுனை மரத்தை வெட்டினார்கள், அதற்குப் பின்னால் ஓர் ஆள் நிற்கலாம் என்பதற்காக. "நிக்கலாம் சார், ஆனா இதுவரைக்கும் யாரும் நின்னதில்லையே" என்றார் எதிரே டீக்கடை வைத்திருந்தவர். "நிக்கறதுக்கு முன்னாடியே வெட்டறதுதான் சார் தடுப்பு" என்றார் மூலை ஆபீசர்.

வாயைக் கொடுத்தாரல்லவா, மறுநாள் டீக்கடைக்கே ஆபத்து வந்தது.

"இங்க ஜனங்க கூடறாங்க."

"டீ குடிக்கத்தான் சார் கூடறாங்க."

"காரணம் எதுவா வேணா இருக்கட்டும். கூடறது கூடறதுதான்."

டீக்கடை போயிற்று. கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் தன் கடை முன்னால் போட்டிருந்த பெஞ்சை எடுத்துவிட்டு, வாரியம் தன் செலவில் ஒரு நவீன இருக்கை போட்டுக் கொடுத்தது. நான்கு நிமிஷத்துக்கு மேல் யாரும் அதில் உட்கார முடியாதபடி முன்பக்கம் சாய்த்துச் செய்யப்பட்டது. தபால்காரர் ஆசையாக உட்கார்ந்தவர் வழுக்கிக்கொண்டு வந்து நடுத்தெருவில் நின்றார். நின்றவர், இனிமேல் இந்தத் தெருவுக்குக் கடைசியாகத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல்களுக்குக் கீழே முள்செடி வைத்தார்கள். பெண்கள் புதுத் துணியை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினால் செடி அதைப் பிடித்து இழுக்கும். இழுத்ததைத் தைக்க மறுபடி டெய்லரக்காவிடம்தான் வர வேண்டும். அந்த வகையில் மட்டும் வாரியத்தால் அவளுக்கு நாலு நாள் வியாபாரம் நடந்தது, அப்புறம் அவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

மூன்று மாதத்தில் தெருவில் ஈ காக்காய் இல்லை. அதற்குத்தான் விழா எடுத்தார்கள். வாரியத்தின் இயக்குநர் வந்தார். வெள்ளைச் சட்டை, தங்க மூக்குக்கண்ணாடி, பேசும்போது இரண்டு கையாலும் காற்றில் ஒரு சதுரம் போடும் பழக்கம்.

"நண்பர்களே," என்றார். நண்பர்கள் என்று அங்கே இருந்தது டெய்லரக்கா, கடிகாரக்காரர், மைக் செட்காரர். "மனிதன் கெட்டவன் அல்ல. மூலைதான் கெட்டது. மூலை இல்லாத இடத்தில் ஒரு மனிதன் எப்படிக் கெட்டுப்போவான்? இந்தத் தெருவைப் பாருங்கள். ஒருவர் உட்காருகிறாரா? இல்லை. ஒருவர் நிற்கிறாரா? இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களா? இல்லை! இதைவிடப் பாதுகாப்பு வேறு என்ன வேண்டும்? எங்கள் லட்சியம் ஊர் முழுவதையும் இப்படி ஆக்குவது. ஜனங்கள் மட்டும் ஒத்துழைத்து வராமல் இருந்துவிட்டால், அடுத்த வருஷத்துக்குள் முடித்துவிடுவோம்."

தெருமுனையில் பச்சைப் பலகை அறைந்தார்கள். 'அ பிரிவு. இத்தெருவில் திருட்டு நிகழ வாய்ப்பில்லை.' கீழே வாரியத்தின் முத்திரை.

பலகை அறைந்த பதினோராம் நாள், பட்டப்பகலில், டெய்லரக்காவின் கடையைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

அவள் இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் துணி கொடுக்கப் போயிருந்தாள். போய்வர இருபது நிமிஷம். முன்பெல்லாம் இப்படிப் போகும்போது "பார்த்துக்கங்கண்ணே" என்று டீக்கடைக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். இப்போது யாருக்குக் குரல் கொடுப்பது? கடிகாரக்காரரும் அன்றைக்கு வரவில்லை. திரும்பி வந்து பார்த்தால் மெஷின் இல்லை. மெஷின் போனால் போகிறது என்று சொல்ல முடியாது, ஆனாலும் அதைவிடப் பெரிய இடி இன்னொன்று. நர்ஸ் பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது பேருக்குச் சீருடை தைக்க வெளிர்நீலத் துணி கொடுத்திருந்தார்கள். அத்தனையும் கட்டோடு போயிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் கண்ணாடி காட்டிக் கொடுத்திருக்கிறது. மெஷினை உருட்டிக்கொண்டு போகச் சரிவு வசதி செய்து கொடுத்திருக்கிறது. எவன்டா எடுக்கிறது என்று கேட்க ஒரு நாதி கிடையாது. அவள் சரிவிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகை தீர்ந்ததும் எழுந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

புகார் எழுதும் ரைட்டர் நல்ல மனுஷர்தான். தெருப் பெயரைக் கேட்டார், கம்ப்யூட்டரில் தட்டினார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார்.

"உங்க தெரு வரமாட்டேங்குதும்மா."

"வரமாட்டேங்குதுன்னா?"

"அ பிரிவுத் தெரு எதுவுமே இதுல வராது. அங்கதான் திருட்டு நடக்காதே, எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டுன்னு வாரியம் சொல்லி எடுத்துட்டாங்க."

"நடந்திருக்கு சார். வந்து பாருங்க. கடை மொட்டையா நிக்குது."

"நான் நம்பறேம்மா. இது நம்பமாட்டேங்குதே." ரைட்டர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். பழைய மார்க்கெட் மட்டும் இன்னும் பட்டியல்ல இருக்கு. அங்க தொலைஞ்சதா எழுதட்டுமா?"

"தையல் மெஷினைத் தலைல தூக்கிக்கிட்டு மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போனேன்னா?"

ரைட்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரியாக வராது என்று ஒத்துக்கொண்டார்.

நர்ஸ் பள்ளிக்கூடத்து மேட்ரனிடம் போய் உள்ளதைச் சொன்னாள். மேட்ரன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

"பத்து வருஷமா உன்கிட்டதான் தைக்கறோம். உன்னை நான் ஒண்ணும் சொல்லல. திருட்டுப் போச்சுன்னா போலீஸ்ல ஒரு ரசீது குடுப்பாங்க, அதைக் கொண்டு வந்து குடு, எனக்கு மேல காட்டணும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வரலைன்னா நீதான் எடுத்தேன்னு நான் புகார் குடுக்க வேண்டி வரும்."

"அந்தப் புகாரை மட்டும் எடுத்துக்குவாங்களாம்மா?"

"எங்க கட்டடம் பழசு. சான்றிதழ் வாங்கல. எடுத்துக்குவாங்க."

அதாவது, அவளிடம் இருந்து திருடினால் திருட்டு இல்லை. அவள் திருடினாள் என்று சொன்னால் மட்டும் அது திருட்டு. பதினேழு வருஷமாக அடுத்தவர் துணியில் ஒரு விரற்கடை வெட்டுத்துண்டைக்கூட எடுத்துவைத்துக்கொள்ளாதவள் அவள். பட்டன் மிஞ்சினால் காகிதத்தில் மடித்துத் திருப்பிக் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை வந்தால் அவள் திருடி. வாரியத்துக்கு ஒரு மனு எழுதிப் போட்டாள், மறுநாள் இன்னொன்று, அதற்கு மறுநாள் ஒன்று. பதில் இல்லை. நாலாம் நாள், திங்கட்கிழமை, நேரே கிளம்பிப் போனாள்.

வாரியத்தின் தலைமையகம் முழுக்கக் கண்ணாடி. வாசலில் காவலாளி கிடையாது. 'கட்டடமே காவலாளி' என்று எழுதிப்போட்டிருந்தார்கள், இருந்த காவலாளியை அந்தப் பலகை மாட்டிய அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். கதவுகளுக்குப் பூட்டும் கிடையாது. நாற்பத்திரண்டு பேர் கண்ணாடி அறைகளில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலிலேயே பச்சைப் பலகை: 'சான்றிதழ் எண் 1. இக்கட்டடத்தில் திருட்டு நிகழ வாய்ப்பில்லை.' அத்தனை கண்ணாடிக்கு நடுவே உள்ளே பார்க்க முடியாத பொருள் ஒன்றே ஒன்றுதான், இயக்குநரின் நாற்காலிக்குப் பின்னால் நின்ற இரும்பு பீரோ.

அவர் அவளை நிற்கவைத்துத்தான் பேசினார். அறையில் இருந்த சோபா வெளிநாட்டு விருந்தாளிகளுக்கானது.

"பாருங்கம்மா, உணர்ச்சிவசப்படாம யோசிங்க. திருட்டு நடந்திருந்தா சான்றிதழ் தப்பு. சான்றிதழ் தப்பா இருக்க முடியாது, நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். அப்போ?"

"மெஷினைக் காணோமே சார்!"

"காணாம போறது வேற, திருட்டு வேற. திருடன்னு ஒருத்தனை யாராவது பார்த்தாங்களா?"

"தெருவுல ஆளே இல்லையே சார். எல்லாரையும் நீங்கதானே அனுப்பிட்டீங்க."

இயக்குநரின் முகம் மலர்ந்தது. காற்றில் ஒரு சதுரம் போட்டார். "அதைத்தான் நானும் சொல்றேன். ஆளே இல்லாத தெருவுல திருடன் மட்டும் எப்படிம்மா இருப்பான்? அவனும் ஆள்தானே?"

டெய்லரக்கா மறுபடி வாயைத் திறந்தாள். இயக்குநர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மணியடித்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்குக் காது கொதித்தது. அந்த ஆள் சிரித்த சிரிப்பை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. லோடு ஆட்டோ ஓட்டும் தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வண்டிக்கு வேற சவாரி ஒத்துக்காதே."

"ஏங்க்கா, எங்க போகணும்?"

"திருடப் போகணும்."

தம்பிக்குப் புரையேறியது.

"எப்படியும் வெள்ளிக்கிழமை திருடின்னு பேரு வாங்கப் போறேன். சும்மா பேரு மட்டும் வாங்குவானேன்? அந்தக் கட்டடத்துல திருட்டு நடக்காதாம்டா. அப்போ நான் எதை எடுத்தாலும் அது திருட்டு இல்ல."

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு அக்காவும் தம்பியும் வாசல் வழியாக உள்ளே போனார்கள். விருந்தாளி சோபாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். நாற்பத்திரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருத்தர் விடாமல் பார்த்தார்கள். அவரும் பார்க்கிறார், இவரும் பார்க்கிறார், நாம் எதற்கு என்று ஒவ்வொருவரும் இன்னொருவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிளார்க் எழுந்து வந்தார். தம்பி சோபாவைக் கீழே வைக்கப் போனான். கிளார்க் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, "கால் இடிக்கப்போவுது, பார்த்து" என்றார்.

மத்தியானம் சுவர்க்கடிகாரமும் நாலு நடையாக நாற்பத்திரண்டு நாற்காலிகளும். புதன்கிழமை கூட்டமேசை. அது பெரிது, மூன்று தடவையாகப் பிரித்து எடுத்தார்கள். இயக்குநர் போலீசுக்குப் போன் போட்டிருக்கிறார். என்ன பேசினார் என்று ரைட்டரே பிறகு டெய்லரக்காவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"சார், உங்க கட்டடம் வரமாட்டேங்குது" என்றிருக்கிறார் ரைட்டர். "சான்றிதழ் எண் ஒண்ணு ஆச்சே. நீங்க வேணா அதை ரத்து பண்ணிட்டு ஒரு லெட்டர் குடுங்க, இப்பவே எழுதிக்கறேன்."

எப்படி ரத்து செய்வார்? மறுநாள் வியாழக்கிழமை, உலகத்திலேயே சிறந்த பாதுகாப்புக் கட்டடத்துக்கு விருது கொடுக்க ஐந்து நடுவர்கள் பார்வையிட வருகிறார்கள். ஆகவே வியாழக்கிழமை காலை, காலியாகக் கிடந்த கூடத்தின் நடுவே நின்று அவர் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். டெய்லரக்கா கண்ணாடிக்கு வெளியே தம்பியோடு நின்று கேட்டாள்.

"மேசை நாற்காலி எங்கே என்று நீங்கள் வியக்கலாம். பொருள் இருந்தால்தானே திருட்டு? எங்கள் அடுத்த கட்டம் இதுதான். இந்தக் கட்டடத்தில் இப்போது திருட ஒன்றுமே இல்லை! ஊழியர்கள் இரண்டு நாளாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள், அவர்கள் முகத்தில் எவ்வளவு தெளிவு பாருங்கள்." நடுவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ஒரு அம்மாள் கைகூடத் தட்டினாள். பிறகு எல்லோரும் மொட்டை மாடிக்குப் போனார்கள், அங்கிருந்து பார்த்தால் ஊரில் ஆளில்லாத தெருக்கள் எல்லாம் தெரியுமாம்.

அவர்கள் மேலே போன நேரத்தில் பீரோ கீழே வந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இயக்குநர் தன்னந்தனியாக டெய்லரக்காவின் கடைக்குள் நுழைந்தார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. கண்ணாடிச் சுவர் வழியாகத் தெருவை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"உள்ள எங்கயாவது கொஞ்சம் மறைவா பேசலாமா?"

"மறைவு ரெண்டரை அடி இருக்கு சார். எந்த ரெண்டரை அடின்னு நீங்களே தேர்ந்தெடுத்துக்கலாம்."

அவருக்கு அது எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று தெரிந்ததாகத் தெரியவில்லை. "பீரோவைத் திறந்தியா?" என்றார்.

"அடுத்தவங்க பொருளைத் திறந்து பார்க்கற பழக்கம் எனக்கு இல்ல."

"புது மெஷின் வாங்கித் தரேன். ரெண்டு மெஷின். பீரோவைக் குடுத்துடு."

"மெஷின் யாருக்கு வேணும்? என் தெருவுல திருட்டு நடக்கும்னு எழுதிக் குடுங்க. நாளைக்குள்ள ரசீது இல்லன்னா நான் திருடி ஆயிடுவேன். பதினேழு வருஷமா சம்பாதிச்ச பேரு சார் அது, உங்க பலகைக்காக அதை இழக்க முடியாது."

வாரியத்தின் லெட்டர் பேடும் முத்திரையும் எப்போதும் அவர் பையில் இருக்கும், எந்த இடத்தில் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்குமோ சொல்ல முடியாதே. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். 'மேற்படி தெருவில் திருட்டு நிகழ வாய்ப்பு உண்டு.' குத்தினார் முத்திரையை.

"உங்க ஆபீசுக்கும் ஒண்ணு எழுதுங்க."

"அது எதுக்கு?"

"எழுதினாத்தான் பீரோ."

இயக்குநர் ஒரு நிமிஷம் அவளை உற்றுப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. தலைமையகத்தில் திருட்டு நிகழலாம் என்றால், இவளை இன்றைக்கே உள்ளே தள்ளலாம்! நடுவர்கள்தான் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களே. இரண்டாவது கடிதத்தை அவர் எழுதிய வேகத்தில் பேனா காகிதத்தைக் கிழித்தது. எழுதி முடித்ததும் அதைத் தன் சட்டைப்பையிலேயே செருகிக்கொண்டு, "பீரோ எங்கே?" என்றார்.

"போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல, லோடு ஆட்டோல இருக்கு. திருட்டுப் பொருளை அங்கதானே சார் ஒப்படைக்கணும்?"

இயக்குநர் ஆபீசுக்குப் போய் என்னென்ன போயிற்று என்று கணக்கெடுத்து வருவதற்குள், ஸ்டேஷனுக்குள் அவள் முதலில் போனாள். ரைட்டர் கடிதத்தை மேலதிகாரிக்குக் காட்டி, தெருப் பெயரைக் கையால் ஏற்றி, அவள் புகாரை எழுதினார். தையல் மெஷின் ஒன்று, வெளிர்நீலத் துணி அறுபது பேருக்கு. முத்திரை குத்தி ரசீதைக் கையில் கொடுத்தார். அந்த ஒரு துண்டுக் காகிதத்தை அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் இயக்குநர் காரிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"எழுதுங்க! இவ திருடி! என் ஆபீசையே காலி பண்ணிட்டா. இதோ லெட்டர், என் கட்டடத்துல இப்ப திருட்டு நடக்கும்!"

"எழுதிட்டாப் போச்சு சார்." ரைட்டர் புதுத் தாள் எடுத்தார். "என்னென்ன போச்சு?"

"சோபா, கடிகாரம், நாற்காலி நாற்பத்திரண்டு, மேசை. அப்புறம் பீரோ."

"பீரோவுக்குள்ள?"

இயக்குநர் தாளைத் தன் பக்கம் இழுக்கப் பார்த்தார். "சும்மா ஆபீஸ் காகிதம்னு போட்டுக்கங்க."

"அப்படியெல்லாம் போட முடியாது சார். திறந்து ஒண்ணொண்ணா எழுதணும், அதான் எங்க வழக்கம். நாளைக்கு அது குறையுது இது குறையுதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதில்ல?"

"வேண்டாம். நான் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்."

"நம்பர் விழுந்துடுச்சே சார்."

"எந்தத் திருட்டும் நடக்கலன்னு எழுதுங்க!"

"நடந்துச்சு சார்" என்றாள் டெய்லரக்கா. "நான்தான் திருடினேன். என் வாயால ஒத்துக்கறேன். எழுதிக்கங்க."

சாவி இல்லை என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார். இரண்டு போலீஸ்காரர்கள் ஒரு கம்பியை விட்டு நெம்பினார்கள். கதவு திறந்ததும் உள்ளே இருந்தது தரையில் சரிந்தது. கவர்கள். கட்டுக் கட்டாகக் கவர்கள். எல்லாவற்றின் மேலும் 'இயக்குநர் அவர்களுக்கு' என்று எழுதியிருந்தது, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. மேலாக இருந்த மூன்றில் டெய்லரக்காவின் கையெழுத்து.

ரைட்டர் ஒன்றைப் பிரித்து வாசித்தார். சைக்கிள் திருட்டு, அ பிரிவுத் தெரு. இன்னொன்று, வீட்டுக் கதவை உடைத்து மோதிரம், அ பிரிவு. இன்னொன்று, கறவை மாடு. இன்னொன்று, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க்குழாய்கள் அத்தனையும். ஊரில் திருட்டு இல்லை என்று இரண்டு வருஷமாகப் பலகை அறைந்துகொண்டிருந்தார்களே, அத்தனை திருட்டும் இந்த பீரோவுக்குள் பூட்டி இருந்தது. ஐந்தாவது கவரை எடுத்ததும் ரைட்டரின் கை நின்றது. அவர் முகம் மாறியது.

"இது என் பைக்" என்றார். "குவார்ட்டர்ஸ் வாசல்ல இருந்து போச்சு. நான் எழுதின மனு இது. பரிசீலனையில் இருக்குன்னு நீங்களே போன்ல சொன்னீங்களே சார்?"

இயக்குநர் காற்றில் சதுரம் போட முயன்றார். பாதியிலேயே கை இறங்கிவிட்டது. "ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று வாசலைப் பார்த்தார்.

"எங்கயும் போகக் கூடாது சார்." ரைட்டர் ஒரு கட்டுப் புதுத் தாளை எடுத்து மேசையில் தட்டி நேராக்கினார். "திருட்டுப் பொருள் உங்க பீரோல இருந்தது. பொருளுக்குச் சொந்தக்காரர் ஒவ்வொண்ணுக்கும் நேரே, இது என்கிட்டதான் இருந்தது, நான் பிரிக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். சுருக்கமா எல்லாம் போடக் கூடாது. முழுப் பெயர், பதவி, வாரியத்தோட முழுப் பெயர்." அவர் தரையைக் குனிந்து பார்த்து ஒரு கணக்குப் போட்டார். "எண்ணூறுக்குக் கிட்ட இருக்கும்."

பிறகு டெய்லரக்காவைப் பார்த்தார். குரல் தணிந்தது. "உங்க மேலயும் திருட்டுக் கேஸ் விழும்மா. வேற வழியில்ல."

"விழட்டும் சார். நான் செஞ்சதுக்குத்தானே."

அவள் ரசீதை நாலாக மடித்துத் தம்பியின் சட்டைப்பையில் வைத்துத் தட்டிவிட்டாள். "நேரே போய் மேட்ரன் கையில குடு. வேற யார்கிட்டயும் குடுத்துடாதே."

"நீ வரலியாக்கா? என்னோட வந்துடு, சாயங்காலம் மறுபடி வந்து கையெழுத்துப் போட்டுக்கலாம். இவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

இயக்குநர் முதல் தாளில் தன் முழுப் பெயரை எழுதத் தொடங்கியிருந்தார். டெய்லரக்கா சுவரோரம் இருந்த பெஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்து, அவர் முகம் நன்றாகத் தெரியும்படி மேசைக்கு எதிரே போட்டு, அதன் நடுவில் வசதியாக உட்கார்ந்தாள்.

"நீ போடா. நான் கடைசிக் கையெழுத்து வரைக்கும் பார்த்துட்டுத்தான் வருவேன்."